மண்டிக்கல்லில் இரண்டு முகங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம்.

ஒரு துண்டுப் பிரசுரத்திலிருந்து வந்தது. எங்கள் ஹார்ஸ்கில் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "இது என்ன, அது என்ன" என்று டீ ஊற்றுகிறவர்களைப் போட்டுக் குடைகிறார்கள். டீ முறை என்னுடையதாக இருந்த ஒரு ஞாயிறன்று போதகர் ஹிலரி அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் எழுதுறவங்களாச்சே. கோயில்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பேரும் ரெண்டு வரி விளக்கமும் எழுதிக் குடுத்துடுங்களேன். சின்ன வேலைதான்." ஒரு போதகர் 'சின்ன வேலை' என்று சொன்னால் ஓடிவிட வேண்டும் என்பது இவ்வளவு காலம் இந்த யார்க்‌ஷயர் ஊரில் குடியிருந்த எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

உள்ளே இருப்பவை சுலபமாக முடிந்தன. பிரசங்க பீடம். வேதப் புத்தகத்தை இறக்கையில் தாங்கும் பித்தளைக் கழுகு. ஞானஸ்நானத் தொட்டி, அதன்மேல் தனியாளாகத் தூக்க முடியாத மர மூடி. நுனியில் இலைக்கொத்து செதுக்கிய பெஞ்சுகள். ஜெபத்தின்போது முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் பூவேலைத் திண்டுகள். பிறகு வெளியே வந்தேன். கோயிலின் கிழக்கு முனையில் கூரையோடு முக்கோணமாக எழும்பும் சுவர். அதன் இரண்டு சரிவுகளிலும் வரிசையாகப் படுத்திருக்கும் விளிம்புக்கற்கள். அவை வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடாமல், சரிவின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக மண்டியிட்டு முட்டுக்கொடுக்கும் கல். இந்தக் கல்லுக்குத் தமிழில் பெயர் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. மண்டிக்கல் என்று நானே வைத்துக்கொண்டேன். (ஸ்தபதிகள் யாராவது படித்தால் மன்னிக்கவும். நல்ல பெயர் இருந்தால் சொல்லியனுப்பவும்.)

"மண்டிக்கல்: விளிம்புக்கற்கள் சரியாமல் தாங்குவது. எங்கள் கோயிலில் இந்தக் கல்லின் முகப்பில், ஊரில் உயிரோடிருக்கும் ஒருவருடைய முகத்தைச் செதுக்குவது வழக்கம். புதிதாக வைக்கப்போகும் வடக்குக் கல்லில் எனிட் மெட்கஃப் இருப்பார். அவர் முறைத்துக்கொண்டிருக்கப்போவது—"

இந்த இடத்தில் விளக்கம் நின்று கதை ஆரம்பித்துவிட்டது. பிரசுரம் இன்னும் பாக்கி. ஹிலரியைத் தெருவில் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "எனிட் மெட்கஃப் அன்று காலை கண்விழித்தபோது வானம்—"

(வேண்டாம். எங்கள் வானத்தை நம்பி வாக்கியம் ஆரம்பித்தால், முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அது மாறிவிடும்.)

இரண்டாவது தொடக்கம்: "பிறருடைய பெயர்களைத் துடைத்துத் துடைத்தே எனிட்டுக்கு எழுபது வயதாகிவிட்டது."

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம். எங்கள் கோயில் சுவர் முழுக்கப் பித்தளைப் பட்டயங்கள். பண்ணையார்கள், படைத்தலைவர்கள், பண்ணையார்களுக்கு வாழ்க்கைப்பட்ட படைத்தலைவர் மகள்கள். குதிரையிலிருந்து விழுந்து செத்த ஒருவருக்கு மட்டும் இரண்டு பட்டயம். குதிரைக்கும் ஒரு வரி உண்டு. மெட்கஃப் குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. அவர்கள் பன்றி வளர்த்தவர்கள். கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய அப்பாவின் கல் குப்புற விழுந்து எத்தனையோ காலமாகிறது. சனிக்கிழமைதோறும் எனிட் துணியும் மெருகுமாக வந்து, அந்தப் பெயர்களின்மேல் வாயால் ஊதி, தேய்த்து, பளபளக்க வைப்பாள். பளபளத்ததும் படைத்தலைவரின் பெயருக்குப் பின்னால் அவளுடைய முகமே மங்கலாகத் தெரியும்.

"குதிரைகூட ஏறிடுச்சு பாருங்க சுவத்துல," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். துணியை மடித்த விதத்தில் சிரிப்பு இல்லை.

(எழுபது வயதுக்காரியை 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எனிட் காணாமல் போய் யாரோ ஒரு சீமாட்டி வந்து நின்றாள். நியாயம் என்று ஒன்று இருப்பதால் கிளிஃபர்டும் இந்தக் கதையில் 'அவன்'தான்.)

3

கிளிஃபர்ட் ஆல்டர்சன் கோயில் பொறுப்பாளன். சாவி, கூரை, கொதிகலன், வௌவால் எல்லாம் அவன் இலாகா. எனிட்டோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். நல்லவன் என்று எழுதினால் எனிட் என் வீட்டுக் கண்ணாடியை உடைப்பாள். கெட்டவன் என்று எழுதினால் அது பொய். ஒழுங்குபடுத்துகிற வியாதி உள்ளவன் என்று எழுதிவைக்கிறேன்.

அந்த வியாதியில்தான் ஒரு வசந்தகாலத்தில், பூச்சியரித்த முழங்கால் திண்டுகளை எல்லாம் பொறுக்கி, யாரையும் கேட்காமல், பழைய சாமான் விற்பனைக்கு அனுப்பிவிட்டான். அவற்றில் ஒன்று எனிட்டின் கைவேலை. கறுத்த முகமும் முறுக்குக் கொம்புமாக ஒரு செம்மறிக் கடா. அவளுடைய தங்கை மியூரியல் வளர்த்துச் சந்தையில் பரிசு வாங்கிய கடா. மியூரியல் செத்த பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்து நூல்நூலாகத் தைத்தது.

அடுத்த வாரம் எனிட் மதுக்கடைக்குப் போனபோது, கணப்புக்கு முன்னால் கடைக்காரரின் நாய் நெல்சன் அந்தக் கடாவின்மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் சண்டை என்றால் சத்தம் இருக்காது. அதுதான் பயங்கரம். அன்றிலிருந்து எனிட் கிளிஃபர்டோடு பேசுவதில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாலும் மூன்றாவது ஆளிடம்தான் பேசுவாள். "ஹிலரி, பூ ஜாடிய நகத்தினது யாருன்னு அந்த ஆள்கிட்டக் கேளுங்க." ஹிலரி திரும்பி, "கிளிஃபர்ட், பூ ஜாடிய..." என்பார். "நான்தான்னு சொல்லுங்க," என்பான் அவன். "அவர்தானாம் எனிட்." பாவம், வேதம் படித்துப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று அந்த அம்மாள் கேட்டுக்கொள்ளாத நாள் இருக்காது.

4

இப்போது கல்லுக்கு வருகிறேன்.

கிழக்குச் சுவரின் மண்டிக்கற்கள் இரண்டும் விண்டுபோய் விளிம்புக்கற்கள் நழுவ ஆரம்பித்தன. பழைய கற்களில் இருந்த முகங்கள் மழையில் தேய்ந்து மூக்குவரை காணாமல் போயிருந்தன. புது முகம் யாருடையது என்று ஊர் கூடிப் பேசியது. யாரைக் கேட்டாலும், "ஐயோ, எனக்கெதுக்கு," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சற்று உயர்த்திக் காட்டினார்கள். கடைசியில், பட்டயம் துடைத்த எனிட்டும் கூரையைக் காப்பாற்றிய கிளிஃபர்டும் என்று முடிவாயிற்று. எனிட், "உங்க இஷ்டம்," என்றாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். சந்தோஷத்தில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருந்தேன்; எனக்குக் கேட்டது.

ஒரே சுவரில் இந்த இரண்டு முகமா என்று ஹிலரி கவலைப்பட்டார். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். எனிட் தெற்கே இருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கட்டும். கிளிஃபர்ட் வடக்கே இருக்கும் சாலையைப் பார்க்கட்டும். ஆளுக்கொரு பக்கம். ஸ்கிப்டன் ஊர்க் கல்தச்சி ஜெம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்: "எனிட் வலதுபக்கக் கல்லுல, கல்லறைத் தோட்டத்தப் பார்த்த மாதிரி. கிளிஃபர்ட் இடதுபக்கம், ரோட்டப் பார்த்த மாதிரி."

எங்கே தப்பு என்று கண்டுபிடித்தீர்களா?

இல்லையென்றால் ஒரு நிமிடம் என்னோடு பெஞ்சில் வந்து உட்காருங்கள். கோயில்காரர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு வலதுபக்கம்தான்: உள்ளே கிழக்குச் சுவரோரம் இருக்கும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் எது வலதோ அது, அதாவது தெற்கு. வெளியே போனாலும், வீட்டுக்குப் போனாலும், கோயிலின் வலது அதுதான். கல்தச்சிக்கோ சுவர் வெளியே இருக்கிறது. அவள் அதே கிழக்குச் சுவரை வெளியிலிருந்து பார்த்து நிற்கிறாள். பெஞ்சின் வலது அவளுக்கு இடது.

ஆக, எனிட்டை வடக்குக் கல்லில் செதுக்கித் தெற்கே பார்க்கவிட்டாள். கிளிஃபர்டைத் தெற்குக் கல்லில் செதுக்கி வடக்கே பார்க்கவிட்டாள். முக்கோணத்தின் இரண்டு மூலையிலும் உட்கார்ந்து அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனிட்டின் வாய் இறுக மூடியிருக்கிறது. கிளிஃபர்டைச் செதுக்க ஹிலரி கொடுத்தனுப்பியது அறுவடை விருந்துப் படம். அவன் கறிப் பணியாரத்தைக் கடிக்கப் போகும் நேரம். வாய் திறந்திருக்கிறது.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும்.

இரண்டு முகமும் எதிரெதிரே பார்க்கின்றனவே, ஜெம்மாவுக்கு உறைக்கவில்லையா? தொழில் தெரிந்தவள், கேட்டிருக்கமாட்டாளா? இந்த ஓட்டையை அடைக்க, அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அடித்தேன். புதியவள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன், இருபது வருடமாகக் கல் உடைக்கிறாள். கடைசியில் அவளிடமே கேட்டுவிட்டேன்.

"உறைச்சுது கண்ணு," என்றாள். ஜெம்மாவுக்கு எல்லாரும் கண்ணுதான். போதகரும் கண்ணு, தபால்காரரும் கண்ணு. "ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு கேட்டிருக்காங்களே, கல்யாணப் பொன்விழாவாக்கும்னு நெனச்சேன். எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அந்தம்மா கன்னத்துல ரெண்டு சுருக்கத்தக் கொறச்சுகூட வச்சேன்."

கேட்காமலே இருந்திருக்கலாம். இனி இதைவிட நல்ல காரணத்தை நான் எங்கே போய்க் கற்பனை செய்வது?

(நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். இந்தக் கதையில் இரண்டும் இருக்கின்றன. இதற்காகவாவது என்னைக் கொஞ்சம் மெச்சலாம்.)

6

இன்று காலை எனிட், கிழக்குச் சுவரில் கட்டியிருந்த சாரத்தில் ஏறினாள். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கைப்பையோடு. சாரத்தில் ஏறும்போது எதற்குக் கைப்பை என்று நீங்கள் கேட்கலாம். எனிட்டிடம் கேட்டுப் பாருங்களேன்.

மேலே ஜெம்மாவும், சாவிக்கொத்தோடு கிளிஃபர்டும் நின்றிருந்தார்கள். என் சமையலறை ஜன்னலுக்கு நேரே அந்தச் சாரம். ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்தேன். (சரி, காற்றுக்காக இல்லை.)

எனிட் தன் கல் முகத்தை முதல்முறையாகப் பார்த்தாள். மூக்கின் வளைவு, மோவாயின் பிடிவாதம், தொப்பிக்கு வெளியே எப்போதும் தப்பித்து நிற்கும் ஒரு சுருள் முடி. கையுறையைக் கழற்றிவிட்டு அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்தாள். குதிரைக்குக் கிடைத்தது ஒரு வரி. இது கோயிலின் நெற்றி.

பிறகு, அந்த முகம் எங்கே பார்க்கிறது என்று திரும்பிப் பார்த்தாள்.

"இது என்ன கூத்து?"

ஜெம்மா தப்பைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள். "கல்ல மாத்தி வைக்க முடியாது கண்ணு. ஒவ்வொண்ணும் அதோட பக்கத்துச் சரிவுக்கு வெட்டினது. நாளைக்கு மேல விளிம்புக்கல் ஏறிடும். அதுக்கப்புறம் அசைக்க முடியாது. புதுக் கல்லுன்னா அடுத்த கோடைதான். அதுவரைக்கும் சுவர் நிக்காது."

"எவ்வளவு காலம் இப்படியே இருக்கும்?"

"நல்ல கல்லு. முந்நூறு வருஷம் தாங்கும்."

"முந்நூறு வருஷமா! இவனையே கட்டியிருந்தாக்கூட இந்நேரம் ஒருத்தராவது போய்ச் சேர்ந்திருப்போமே!"

"ஒண்ணு செய்யலாம்," என்றாள் ஜெம்மா. "எதாவது ஒரு மூஞ்சிய உளியால செதுக்கித் தள்ளிடலாம். அரை மணி நேர வேலை. மொட்டைக் கல்லா நிக்கும், அவ்வளவுதான். யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க."

கிளிஃபர்ட் தொண்டையைக் கனைத்தான். "என்னுத எடுத்துடச் சொல்லுங்க," என்றான் ஜெம்மாவிடம். "சுவத்துல ஏறணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லே. அவளுக்கு உண்டு. சின்ன வயசுலேர்ந்தே உண்டு. எனக்குத் தெரியும்."

7

இப்போது புரிந்திருக்கும், முடிவை எழுத நான் ஏன் தயங்குகிறேன் என்று. ஒரு தலையசைப்பில் எனிட் அவனைக் கோயிலிலிருந்தே துடைத்துவிடலாம். அவள் மட்டும் மேலே இருப்பாள். கடாவுக்குப் பழி தீர்ந்தது.

முடிவு ஒன்று: எனிட் தலையசைக்கிறாள். உளி அவன் மூக்கிலிருந்து ஆரம்பிக்கிறது. திருப்தியான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு முந்நூறு வருடம் எனிட் ஒரு மொட்டைக் கல்லை முறைத்துக்கொண்டிருப்பாள். வருகிறவர்கள் கேட்பார்கள்: "அந்தம்மா எதப் பார்த்து இப்படிக் கோவப்படுறா?" பதில் சொல்ல ஆள் இருக்காது.

முடிவு இரண்டு: இருவரும் கண்கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொள்—

(எங்கள் ஊரில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. சாரத்தின்மேல் அது ஆபத்தும்கூட.)

மூன்றாவது முடிவை எழுதலாம் என்று பேனாவை எடுத்தபோது மேலே பேச்சுக் கேட்டது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். ஆகவே இனி வருவது என் கற்பனை இல்லை. கற்பனை என்றால் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

"ஜெம்மா," என்றாள் எனிட், "அந்தத் திண்டத் தூக்கிப் போடும்போது யாருதுன்னு தெரியுமா தெரியாதான்னு அந்த ஆள்கிட்டக் கேளு."

"தெரியாது எனிட்," என்றான் கிளிஃபர்ட் நேராக. "தெரிஞ்ச அன்னிக்கே மதுக்கடைக்குப் போனேன். கேட்ட விலையக் குடுத்தேன். கடைக்காரன் சரின்னுட்டான். நெல்சன்தான் சரின்னு சொல்லலே." சட்டைக்கையை மேலே சுருட்டினான். முன்கையில் வரிசையாகப் பல் தடம். "நான் ஒரு முனை, அது ஒரு முனை. கடைசில பாதிதான் என் கைக்கு வந்துச்சு."

எனிட் ஜெம்மா பக்கம் திரும்பாமலே கேட்டாள். "எந்தப் பாதி?"

"அதான் வம்பே. பின்பாதி."

"பின்பாதியா?"

"வாலும் ரெண்டு காலும். அதக் கொண்டாந்து உன் கையில குடுத்து என்னன்னு சொல்றது? 'இந்தா எனிட், உன் தங்கச்சி கடாவோட குண்டி'ன்னா? அதான் கீழ என் பெஞ்சுக்கடியிலயே வச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அதுமேலதான் மண்டி போடுறேன். இத்தன வருஷமா அதுமேலதான்."

எனிட் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தால் தோற்றுப்போவோம் என்று உதட்டைக் கடித்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். தோள் மட்டும் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று ஜன்னலிலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

"ஜெம்மா, அந்த உளிய இப்படிக் குடு," என்றாள்.

8

இந்த இடத்தில் என் வாசல் கதவு தட்டப்பட்டது. கதையின் முக்கியமான நேரத்தில் கதவு தட்டப்படுவது மட்டமான உத்தி என்று எனக்கும் தெரியும். நான் தட்டவில்லை. ஜெம்மா தட்டினாள். கையெல்லாம் கல்தூள்.

"ரெண்டு டீ கிடைக்குமா கண்ணு? மேல இருக்கிறவங்களுக்கு."

"ஏன், நீ இறங்கி வந்துட்டே? மேல என்ன நடக்குது?"

"என்னக் கீழ போகச் சொல்லிட்டாங்க. நேருக்கு நேர் பேசுறாங்க, நடுவுல ஆள் வேண்டாமாம்."

"உளி?"

"எனிட் கையில. சுத்தியலும்தான்." ஜெம்மா உதட்டைப் பிதுக்கினாள். "எந்தக் கல்லுக்கிட்டப் போய் நிக்கிறாங்கன்னு நான் பாக்கலே."

நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன். பிரசுரத்துக்குப் போட்ட விளக்க வரிகள், கதைக்குப் போட்ட இரண்டு முடிவுகள், எல்லாம் மேசைமேல் கிடந்தன. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறீர்கள். எனிட்டுக்கு அந்தச் சுவர் எவ்வளவு பெரிது என்று உங்களுக்கும் தெரியும். அவனுடைய திறந்த வாயா, அவளுடைய மூடிய வாயா, இல்லை இரண்டும் இருக்கட்டுமா? என்னைக் கேட்காதீர்கள். நான் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவள். நாளைக்கும் அவள் முகத்தில் விழிக்க வேண்டும். உளியை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சர்க்கரை?" என்று ஜெம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்ணுல வேணாமாம். இன்னொண்ணுல நாலு. எனிட்தான் சொல்லியனுப்பினாங்க. 'அவனுக்கு நாலு. மூணுன்னு சொல்லுவான், நம்பாதே'ன்னாங்க."

கெட்டில் கூவுகிறது. டீ மேலே போய்ச் சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். சர்க்கரையை நான் பார்த்துக்கொள்கிறேன்.